மண்ணுக்குள் இருந்து ஒரு தங்க மருந்து! டாக்டர் சுப்பாராவ் வாழ்க்கை வரலாறு

திண்டுக்கல்லில் இருந்து கரூருக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கிற ஊர் எரியோடு. வானம் பார்த்த பூமி. கோடை முழுவதும் காய்ந்து கிடக்கும் காட்டில் முதல் மழை விழுந்தால், மண்ணில் இருந்து ஒரு வாசனை கிளம்பும். அந்த வாசனைக்காகவே வாசலில் வந்து நிற்பவர்கள் உண்டு.

அந்த வாசனை மண்ணுடையது அல்ல. மண்ணுக்குள் வாழும் சிற்றுயிர்களுடையது. கண்ணுக்குத் தெரியாத அவை, நூல் நூலாக வளரும். அவற்றுக்கு ஸ்ட்ரெப்டோமைசஸ் என்று பெயர்.

அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு சிற்றுயிரில் இருந்து 1940-களில் ஒரு மருந்து எடுத்தார்கள். தங்கம் போல மஞ்சள் நிறம். மார்புச் சளிக் காய்ச்சலில் கிடந்து தவித்தவர்களை அது எழுந்து உட்கார வைத்தது.

அந்த மருந்து பிறந்த ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவராக இருந்தவர் ஓர் இந்தியர். சென்னையில் படித்தவர். இரண்டு தடவை பரீட்சையில் தோற்றவர்! அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

காசிக்கு ஓட்டம்

சுப்பாராவ், 1895-ம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ந் தேதி பீமாவரத்தில் பிறந்தார். இப்போது அது ஆந்திராவில் இருக்கிறது. அப்போது மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்த ஊர்.

ஏழைக் குடும்பம். தகப்பனார் ஜகந்நாதம் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர். நோய் வந்து, காலத்துக்கு முன்பே வேலையை விட்டார். தாயார் வெங்கம்மா. வீட்டுப் பாரம் முழுவதும் அந்த அம்மாள் தலையில் விழுந்தது.

பையனுக்குப் படிப்பில் மனம் போகவில்லை. பணம் சம்பாதிக்க வேண்டும் என்ற எண்ணம். 13-வது வயதில் வீட்டை விட்டு ஓடினான். எங்கே தெரியுமா? காசிக்கு! அங்கே வருகிற யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகிவிடலாம் என்பது அவன் திட்டம். வாழைப்பழ வியாபாரம் நடக்கவில்லை. பிடித்துக் கொண்டு வந்துவிட்டார்கள்.

தாயார் கண்டிப்பானவர். மகனை மறுபடியும் பள்ளிக்கு அனுப்பினார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தோல்வி. மீண்டும் எழுதினான். மீண்டும் தோல்வி.

தகப்பனாரும் இறந்து போனார். அந்த அம்மாள் மனம் தளரவில்லை. நகைகளை விற்றுப் பையனைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது தடவையாக எழுதித் தேறினார், சுப்பாராவ்.

பிறகு மாநிலக் கல்லூரி. அங்கே படிக்கும்போது துறவு ஆசை வந்தது. ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சன்னியாசி ஆகப் போவதாகக் கிளம்பினார். தாயார் சம்மதிக்கவில்லை. தாயார் சம்மதம் இல்லாமல் சேர்க்க முடியாது என்று மடத்தில் சொல்லிவிட்டார்கள். டாக்டருக்குப் படித்து மக்களுக்குத் தொண்டு செய்யும்படி புத்தி சொன்னார்கள். அப்படித்தான் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதர் அங்கி

படிக்கும்போதே கல்யாணம் நடந்தது. மணமகள் பெயர் சேஷகிரி. மாமனார் படிப்புச் செலவுக்கு உதவி செய்தார்.

அந்த நேரத்தில் காந்தி அடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். சுப்பாராவ் கதர் உடுத்தினார். உடுத்தியது மட்டும் அல்ல. ஆபரேஷன் அறைக்குப் போட்டுக் கொள்ளும் அங்கியையும் கதரிலேயே தைத்துக் கொண்டார்.

ரண சிகிச்சைப் பேராசிரியர் ஒரு வெள்ளைக்காரர். பிராட்பீல்டு என்று பெயர். கதர் அங்கியைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்தது.

பரீட்சை முடிந்தது. சுப்பாராவ் நன்றாகத்தான் எழுதி இருந்தார். ஆனால் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. ஒரு முழத் துணிக்குக் கொடுத்த விலை! சர்க்கார் மருத்துவ உத்தியோகத்துக்கு முயற்சி செய்தார். அதுவும் கிடைக்கவில்லை.

இரண்டு சாவு

இதற்கு இடையில் வீட்டில் பேரிடி விழுந்தது. அவருடைய சகோதரர்கள் இருவர், அடுத்தடுத்து இறந்து போனார்கள். கிராணி நோய். ஓயாத பேதி. தின்பது எதுவும் உடம்பில் ஒட்டாது. ரத்தம் வெளுத்து, ஆள் எலும்பும் தோலும் ஆகிவிடுவார். இங்கிலீஷ் வைத்தியத்தில் இதை ஸ்புரூ என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் இதற்கு நிச்சயமான மருந்து கிடையாது.

பிறகு அதே நோய் சுப்பாராவையும் பிடித்தது. சென்னையில் பிரபலமாக இருந்த ஆயுர்வேத வைத்தியர் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி சிகிச்சை செய்தார். சுப்பாராவ் பிழைத்துக் கொண்டார்.

டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தும் வேலையும் கிடைத்தது. சோற்றுக்குக் கவலை இல்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் அவரை உறங்கவிடவில்லை. மருந்து வேலை செய்தது. ஏன் வேலை செய்தது? மருந்துக்குள் இருக்கும் எந்தப் பொருள் நோயைத் தீர்த்தது? அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ரசாயனம் படிக்க வேண்டும். அமெரிக்கா போக வேண்டும்.

காக்கிநாடாவில் உள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமஸ்தாபனம் உதவி செய்தது. மாமனாரும் பணம் கொடுத்தார். மனைவியை ஊரில் விட்டுவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் கப்பல் ஏறினார். படித்து முடித்துத் திரும்புவதுதான் திட்டம். அவர் திரும்பவே இல்லை.

இரவில் சட்டி கழுவினார்

பாஸ்டன் நகரத்தில் போய் இறங்கினார். ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிய படிப்பில் சேர்ந்தார். சென்னையில் வாங்கிய எல்.எம்.எஸ். பட்டம், அங்கே டாக்டர் தொழில் செய்ய உதவவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வது?

ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். நோயாளிகளின் மலஜலச் சட்டிகளைக் கழுவி வைக்கும் வேலை. இரவெல்லாம் அந்த வேலை. பகலில் படிப்பு. 1924-ம் ஆண்டு படிப்பை முடித்தார்.

பிறகு ஹார்வர்டிலேயே சைரஸ் பிஸ்க் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்க, இருவரும் சேர்ந்து 1925-ம் ஆண்டு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிஸ்க்–சுப்பாராவ் முறை என்று அதற்குப் பெயர். ரசாயன மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

அடுத்து, தசைக்குள் இருக்கும் ஏ.டி.பி. என்ற பொருளைப் பிரித்து எடுத்தார்கள். உடம்பு வேலை செய்யச் சக்தி தருவது அதுதான். ஏர் பிடிக்கிற கைக்கும், கண் இமைக்கிற இமைக்கும் அதுதான் செலவாகிறது. இது நடந்தது 1929-ல். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்ற விஞ்ஞானியும் இதைக் கண்டுபிடித்தார்.

1930-ல் சுப்பாராவுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. நிரந்தர உத்தியோகம் கிடைக்கவில்லை. கூச்ச சுபாவம் உள்ளவர். தன் பெருமையைத் தானே பேசத் தெரியாதவர். இப்படிப்பட்டவர்கள் பின்வரிசையிலேயே நின்று போவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

1940-ல் ஹார்வர்டை விட்டார். நியூயார்க்குக்குப் பக்கத்தில் பெர்ல் ரிவர் என்ற ஊரில் உள்ள லெடர்லி மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். சீக்கிரமே அதன் ஆராய்ச்சித் தலைவர் ஆனார்.

அடுத்த எட்டு ஆண்டுகளில் அங்கே நடந்ததைப் பார்த்தால், ஒரு மனிதரின் ஆயுளில் இவ்வளவா என்று தோன்றும். அவருடைய குழு போலிக் அமிலத்தைத் தயாரித்தது. இன்று கர்ப்பிணிப் பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்துடன் சேர்த்துக் கொடுக்கிறார்களே, அந்த மாத்திரையில் இருப்பது அதுதான். யானைக்கால் நோய்க்கு மாத்திரை தயாரித்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை முதன்முதலாகக் கட்டுப்படுத்திய மருந்தும் அங்கே இருந்துதான் போனது.

கிழவரும் மண்ணும்

பென்சிலின் அப்போது புதிது. யுத்தத்தில் காயம் பட்ட சிப்பாய்கள் பலரை அது பிழைக்க வைத்தது. ஆனால் எல்லாக் கிருமிகளையும் பென்சிலின் கொல்லாது. காச நோய்க்கு வந்த ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் ஓர் எல்லை உண்டு. அதோடு, இரண்டும் பெரும்பாலும் ஊசியாகப் போட வேண்டியவை. மாத்திரையாக விழுங்கக் கூடிய, பலவிதமான கிருமிகளைத் தாக்கக் கூடிய மருந்து வேண்டும். சுப்பாராவின் கூடம் அதைத் தேடியது.

தேடும் வேலை ஒரு கிழவரிடம் இருந்தது. பெஞ்சமின் டக்கர் என்ற தாவர சாஸ்திரப் பேராசிரியர். வயதாகிவிட்டது என்று பல்கலைக் கழகம் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. எழுபது வயதைத் தாண்டிய அவரை லெடர்லி கம்பெனி வேலைக்கு எடுத்துக் கொண்டது.

அவர் பல ஊர்களில் இருந்தும் மண்ணை வரவழைத்தார். காட்டு மண், வயல் மண், தோட்டத்து மண் எல்லாம் பொட்டலம் பொட்டலமாக வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் உள்ள சிற்றுயிர்களைத் தனித்தனியாக வளர்த்து, கிருமிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கிருமி செத்தால் குறித்துக் கொள்ள வேண்டும். சாகாவிட்டால் அடுத்த பொட்டலம்.

1945-ல் மிசௌரி பல்கலைக் கழகத்தின் பழைய சோதனை வயலில் இருந்து ஒரு பொட்டலம் வந்தது. புல் விளைந்த நிலத்து மண். அதில் இருந்த ஒரு சிற்றுயிர், தங்க நிறமாக வளர்ந்தது. அதற்கு ஏ-377 என்று நம்பர் போட்டார்கள். அதைச் சுற்றி இருந்த கிருமிகள் வளரவில்லை. ஒரு வகைக் கிருமி அல்ல, பல வகைக் கிருமிகள்!

அதன் சாற்றில் இருந்து எடுத்த மருந்துக்கு ஆரியோமைசின் என்று பெயர் வைத்தார்கள். லத்தீன் பாஷையில் பொன் என்பதைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்த பெயர்.

கிருமியும் ஓர் உயிர்தான். அது வளர வேண்டுமானால் தனக்குள்ளே புரதம் செய்து கொள்ள வேண்டும். ஆரியோமைசின் கிருமிக்குள் நுழைந்து, புரதம் செய்யும் பட்டறையில் போய் அடைத்துக் கொள்ளும். பட்டறை நின்றால் கிருமி பெருகாது. மீதியை உடம்பே பார்த்துக் கொள்ளும்.

நிமோனியாவில் ஒரு வகை அப்போது டாக்டர்களைக் குழப்பிக் கொண்டிருந்தது. வறட்டு இருமலாக ஆரம்பித்து வாரக் கணக்கில் இழுக்கும். பென்சிலின் போட்டும் கேட்காது. ஆரியோமைசினுக்கு அது கேட்டது. காரணம் பிறகுதான் தெரிந்தது. பென்சிலின் கிருமியின் மேல் ஓட்டைத் தாக்கும் மருந்து. இந்தக் கிருமிக்கோ அந்த ஓடே கிடையாது!

1948-ம் ஆண்டு ஜூலை மாதம் 21-ந் தேதி நியூயார்க் விஞ்ஞான சங்கத்தில் இந்த மருந்தை உலகத்துக்கு அறிவித்தார்கள். கண்டுபிடித்தவர் என்ற புகழ் டக்கருக்குப் போனது. அது நியாயமே. அந்த வேட்டையை நடத்திய கூடத்தின் தலைவரைப் பற்றி வெளியே யாருக்கும் தெரியவில்லை. சுப்பாராவ் அதைப் பற்றிக் கவலைப்பட்டவராகவும் தெரியவில்லை.

தூக்கத்தில் முடிவு

அறிவிப்பு வந்து மூன்று வாரம் கூட ஆகவில்லை. ஆகஸ்டு மாதம் ஒரு நாள் இரவு படுக்கப் போன சுப்பாராவ் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்துவிட்டார். வயது 53.

இந்தியா சுதந்திரம் அடைந்து ஓர் ஆண்டு நிறையும் சமயம் அது. கதர் அங்கிக்காகப் பட்டத்தை இழந்தவர், சுதந்திர இந்தியாவை ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. கப்பல் ஏறிய நாளுக்குப் பிறகு, சேஷகிரி அம்மாளும் கணவர் முகத்தைப் பார்க்கவில்லை. கால் நூற்றாண்டு காத்திருந்தவருக்கு வந்து சேர்ந்தது சாவுச் செய்திதான்.

ஆனால் ஒன்று நடந்தது. ஆரியோமைசின் குடும்பத்தில் டெட்ராசைக்ளின் என்ற மருந்து பிறகு வந்தது. கிராணி நோய்க்கு இன்று டாக்டர்கள் கொடுப்பது போலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும்தான். சகோதரர்கள் இருவரைக் கொண்டு போன நோய்க்கு, இரண்டு மருந்துகளும் அவருடைய கூடத்தின் வழியில் வந்தவை.

எதற்கெடுத்தாலும்...

1948 டிசம்பரில் ஆரியோமைசின் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. இப்படிப்பட்ட மருந்துகள் வருவதற்கு முன்பு நிமோனியா என்றால் வீட்டார் நாள் எண்ணிக் கொண்டிருப்பார்கள். ஏழாம் நாள், எட்டாம் நாள் வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கினால் பிழைப்பார். இல்லாவிட்டால் இல்லை. இப்போது சில மாத்திரைகள்! டாக்டர்கள் சந்தோஷத்தில் சகலத்துக்கும் எழுதிக் கொடுத்தார்கள். சாதாரண ஜலதோஷத்துக்கும் கொடுத்தார்கள்.

கோழிக்கும் கொடுத்தார்கள்! மருந்து எடுத்த பிறகு மிஞ்சிய சக்கையைத் தீவனத்தில் கலந்து போட்டபோது, குஞ்சுகள் வேகமாகப் பெருத்தன. இதை லெடர்லி விஞ்ஞானிகளே கண்டார்கள். 1950-ல் இது பெரிய செய்தி ஆனது. அன்று அதை எல்லோரும் அதிசயம் என்றுதான் நினைத்தார்கள். அதன் விளைவு பிற்பாடு தெரிந்தது. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பழகிய கிருமிகளில், சாகாதவை மட்டும் பெருகின. 2019-ல் இந்திய சர்க்கார், கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழித் தீவனத்தில் சேர்க்கக் கூடாது என்று தடை போட்டது.

ஜலதோஷம் வருவது வைரஸ் என்ற வேறு கிருமியால். அதற்குச் சொந்தப் பட்டறை கிடையாது. நம் உடம்பின் பட்டறையில் புகுந்து வேலை செய்து கொள்ளும். ஆகவே சுப்பாராவ் கூடத்து மருந்துக்கு அங்கே அடைப்பதற்கு இடம் இல்லை. தும்மலும் மூக்கடைப்பும் ஒரு வாரம், பத்து நாளில் தாமாகவே போகும். இருமல் மட்டும் கூட ஒரு வாரம் நிற்கும். மருந்து தின்றவர், மருந்தால் குணம் என்று நினைத்துக் கொள்வார்!

எரியோட்டில் ஒரு பாட்டி இருமுகிறார் என்று வைத்துக் கொள்வோம். பேரன் கடைக்கு ஓடுகிறான். போன தடவை சாப்பிட்ட மாத்திரையின் அட்டையைக் காட்டி, நான்கு வாங்கி வருகிறான். இரண்டு தின்றதும் பாட்டி எழுந்து நடமாடுகிறார். மீதி இரண்டும் சாமி படத்துக்குப் பின்னால் போகின்றன. அடுத்த வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் அதை எடுத்துக் கொடுக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் அரைகுறையாகத் தின்ற மருந்தும், தேவை இல்லாமல் தின்ற மருந்தும் கிருமிகளுக்குச் சிலம்பம் கற்றுக் கொடுப்பது போல. நாளைக்கு உண்மையாகவே நிமோனியா வரும்போது மருந்து தோற்றுப் போகும்.

இதனால்தான் சர்க்காரும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மருந்துகளை விற்கக் கூடாது. 2014-ம் ஆண்டு மார்ச் முதல், கடுமையான சில மருந்துகளை விற்கும்போது, நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் கடைக்காரர் தனி நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

பாட்டிக்கு வந்திருப்பது நிமோனியாவாகவே இருந்தால்? அப்போது ஒரு நாள் தாமதமும் ஆபத்து. மூச்சு வாங்கும். நெஞ்சு குத்தும். குளிர் நடுக்கும். வயதானவர்களிடம் இன்னொரு விதமும் உண்டு. காய்ச்சல் அதிகம் இராது, இருமலும் இராது. திடீரென்று புத்தி தடுமாறும். பெற்ற மகனையே யார் என்று கேட்பார். இரவெல்லாம் பிதற்றுவார். ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் முதியவர்களுக்கும் இப்படி வருவது உண்டு. வயதாகிவிட்டது என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். மந்திரிக்க அழைத்துப் போகிறவர்களும் உண்டு. மார்பில் சளி கட்டி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டியவர் டாக்டர். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால், காச நோய் இருக்கிறதா என்று சளியைச் சோதிக்க வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு வாங்குவது இல்லை.

ஆரியோமைசினை இப்போது மனிதர்களுக்கு மாத்திரையாகக் கொடுப்பது இல்லை. அதன் வம்சத்தில் வந்த டாக்ஸிசைக்ளின் 1967-ல் இருந்து அந்த வேலையைச் செய்கிறது. சிலவகை நிமோனியாவுக்கு அதை எழுதுகிறார்கள். புதர்க் காட்டில் பூச்சி கடித்து வருகிற உண்ணிக் காய்ச்சலுக்கு அதுதான் முதல் மருந்து. ஆடு மேய்க்கப் போய்வந்தவருக்குக் காய்ச்சல் என்றால், டாக்டர் உடம்பில் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடுவது அதற்காகத்தான். அந்தப் பூச்சி கடித்த இடம் சிகரெட்டால் சுட்டது போல இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் டெட்ராசைக்ளினைத் தவிர்ப்பார்கள். பிள்ளையின் பல் நிறம் மாறிவிடும்.

சூரத்தில் பீதி

1994-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், குஜராத்தில் சூரத் நகரத்தில் பிளேக் பரவியது. நுரையீரலைத் தாக்கும் பிளேக். இருமலில் பரவக் கூடியது. மருந்து இல்லாவிட்டால் சில நாளில் ஆளை முடித்துவிடும். லட்சக்கணக்கான பேர் மூட்டை முடிச்சுகளுடன் ரயில் ஏறினார்கள்.

அங்கே கொடுத்த மருந்து டெட்ராசைக்ளின். நோய் கண்டவர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்களுடன் பழகியவர்களுக்கும் கொடுத்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆனால் பழைய காலத்தில் நடந்தது போல நகரம் சுடுகாடு ஆகவில்லை.

அதே வாரத்தில் டில்லியிலும் மருந்துக் கடைகளில் கூட்டம். நோய் இல்லாதவர்களும் டெட்ராசைக்ளினை வாங்கிப் பதுக்கினார்கள். சில கடைகளில் மருந்தே தீர்ந்து போனது. அவர்களில் எத்தனை பேருக்கு சுப்பாராவ் என்ற பெயர் தெரிந்திருக்கும்?

அடுத்த ஆண்டு, 1995-ல், சுப்பாராவ் பிறந்து நூறு ஆண்டு நிறைந்தது. அவர் படம் போட்ட தபால் தலையை இந்திய தபால் இலாகா வெளியிட்டது.